கூட்டத்தைக் கண்டால் நடுங்கியவன் பேசுகிறேன்

(நம் அறநிலையத்தின் கல்வி உதவி நிதி வழங்கும் நிகழ்வில், அன்னதானக் குழுத் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தத் தாளைப் பிடித்திருக்கும் என் கை நடுங்குவது முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் மூச்சுச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். அதை மறைக்க நான் முயலப் போவதில்லை. மறைக்க முயன்றே என் வாழ்நாளில் 33 ஆண்டுகளைக் கழித்தவன் நான்.

செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, அன்னதானத் தொண்டு பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி கேட்டுக்கொண்டார். வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன்; பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். இந்த அறநிலையத்துக்கு நான் பட்டிருக்கும் ஒரு கடனை இந்த மேடையில்தான் சொல்லித் தீர்க்க முடியும். அதனால் கேட்டேன்.

1987ஆம் ஆண்டு. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுபவர்கள். எஸ்.டி.பி.எம். தேர்வில் தேறிப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடமும் கிடைத்துவிட்டது. பணம்தான் இல்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் சொல்லி, இந்த அறநிலையத்தின் கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பம் போட்டோம். நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்தடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

அன்று காலை பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி இந்தக் கரைக்கு வந்தேன். அலுவலகத்துக்கு எதிர்ச்சாலையில் ஒரு மரத்தடியில் நின்றேன். வாசலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெளியே வந்து பெயரைச் சத்தமாக அழைப்பார். அழைக்கப்பட்ட பிள்ளை எழுந்து உள்ளே போகும். என் பெயரை அழைக்கும்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புப் போதும். நெஞ்சு படபடத்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, நாக்கு உலர்ந்தது. என் பெயரை இரண்டு முறை அழைத்தார்கள். என் காதில் விழுந்தது. நான் சாலையைக் கடக்கவில்லை.

அந்தப் பெரிக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது, உங்களில் பலருக்குத் தெரியும். பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் காசு. தீவிலிருந்து திரும்புவதற்குக் காசு கிடையாது. தடுத்து நிறுத்திக் கேட்பார் யாருமில்லாமல் திரும்பிப் போனேன்.

வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "கிடைக்கவில்லை" என்றேன். அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, "தோட்டத்துப் பிள்ளைக்கு யார் கொடுப்பான்" என்றார். 2003ஆம் ஆண்டில் கண்ணை மூடும்வரை அவர் இந்த அறநிலையத்தை மனதாரக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "பணக்காரன் பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள்" என்று கல்யாண வீடுகளிலும் கருமாதி வீடுகளிலும் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது பொய் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பெரியோர்களே, உங்கள் முன்னோர் எனக்குக் கொடுக்க மறுக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

இது எங்கே தொடங்கியது என்று பின்னாளில் மருத்துவர் கேட்டபோது நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1979ஆம் ஆண்டு, புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் நேரே முதல் படிவத்துக்குப் போகாமல், மலாய்மொழிக்காக அந்த வகுப்பில் ஓராண்டு இருப்போம். ஆசிரியர் என்னை எழுப்பி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. என்னோடு அதே வகுப்பில் இருந்த வேறு பிள்ளைகளையும் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் மறுநாளே மறந்துவிட்டார்கள். என்னால் மறக்க முடியவில்லை. விதை ஒன்றுதான், எந்த மண்ணில் விழுகிறது என்பதைப் பொறுத்தது போலும்.

இந்த நோய்க்குச் சமூகப் பதற்றக் கோளாறு என்று பெயர். முன்பு சமூக அச்ச நோய் என்பார்கள். 1960களிலேயே லண்டனில் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர் இதைப் பிற அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி நோயாக இடம்பெற்றது. பெரும்பாலோருக்குப் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது. குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு.

கூச்சம் வேறு, இது வேறு. கூச்சப்படும் பிள்ளை பத்து நிமிடத்தில் பழகிவிடும். இது பழகப் பழகக் குறையாது. ஒதுங்க ஒதுங்க வளரும். பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், நம்முடைய நடுக்கத்தைக் கண்டு இகழ்கிறார்கள் என்ற அச்சம் மாதக் கணக்கில் நீடித்து, படிப்பையும் பிழைப்பையும் கெடுக்கிற அளவுக்குப் போனால்தான் அதை நோய் என்கிறார்கள்.

திருவள்ளுவர் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 73ஆவது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி என்னைத் திட்டுவார். அந்த அச்சம் ஊரில் யாருக்குமே இல்லையென்றால் வள்ளுவர் எதற்காகப் பத்துக் குறள் செலவழித்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் குறள் சொன்ன அப்பா, சம்பளத்தில் கணக்குத் தப்பினால் கிராணியிடம் கேட்கத் தாம் போக மாட்டார், அம்மாவைத்தான் அனுப்புவார்.

பல்கலைக்கழகம் போகாமல் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். எண்களோடு எனக்குச் சண்டையில்லை. மேலதிகாரியாக உயரும் வாய்ப்பு இரண்டு முறை வந்தது. கூட்டங்களில் பேச வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். வங்கியில் பிறர் பார்க்கக் கையெழுத்திட்டால் கை ஆடும், கையெழுத்து மாறிப்போகும், அதற்காகவே காசோலையைத் தவிர்த்தேன். வியர்வை தெரியாதிருக்கக் கருநிறச் சட்டை மட்டும் போட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. பேச வேண்டிய ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பத்து முறை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். பேசி முடித்த பிறகு, என்ன தப்பாகச் சொன்னோம் என்று இரவு இரண்டு மணிவரை புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். உறவினர்கள் என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்றார்கள். அதுதான் மிகவும் வலித்தது. தம்பியின் திருமணத்தன்று மேடையேறுவதற்காகக் குடித்தேன். அது வேலை செய்தது என்பதுதான் ஆபத்து. அந்த வழியில் போய்த் திரும்பாதவர்களை நம் தோட்டங்களில் நான் பார்த்திருக்கிறேன். என் மனைவியின் பிடிவாதத்தால் தப்பினேன்.

ஆலயத்துக்கு வராமல் இருந்ததில்லை. ஆனால், கூட்டம் கலைந்த பிறகு வருவேன். அர்ச்சனைத் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்பாரே! என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் என் வாயால் சொல்ல எனக்கு நா எழாது.

மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். 1996ஆம் ஆண்டுத் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டேன். தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் இலட்சக்கணக்கான மக்கள், மேளம், பார்வைகள். எனக்கு அச்சமே வரவில்லை! அத்தனை கூட்டத்தின் நடுவிலும் என் கண்ணுக்கு முன்னால் நடப்பவரின் குதிகாலும் மலைப்படிகளும்தான் தெரிந்தன. நோய் தீர்ந்தது என்று அன்று அழுதேன். அடுத்த வாரம் அலுவலகத்தில் நான்கு பேர் உட்கார்ந்த ஒரு சிறு கூட்டத்தில் என் குரல் மறுபடியும் உடைந்தது. முருகன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைத்தேன். அன்று மலையில் எனக்குக் கிடைத்தது என்னவென்று விளங்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

என் மகள் ஆறாம் வகுப்பில் நன்றாகப் படித்தாள். 2011ஆம் ஆண்டுப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அவள் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். பிள்ளையைக் காணோம். ஒரு முறை அழைத்தார்கள். இன்னொரு முறை அழைத்தார்கள். எனக்கு அந்த மரத்தடி நினைவுக்கு வந்தது. கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் பார்ப்பாங்கப்பா" என்றாள். அதே சொல். நான் அவளுக்குச் சொத்தாக என்ன சேர்த்து வைத்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

மருத்துவரிடம் போகலாமென்றதும் மனைவி தயங்கினார். "என்னங்க, நாளைக்குப் பொம்பளப் பிள்ளைக்கு வரன் வரணுமே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. 1911ஆம் ஆண்டில் அங்கே மனநல மருத்துவமனை திறக்கப்பட்டதிலிருந்து, அடம்பிடிக்கும் குழந்தையைக்கூட அந்தப் பெயரைச் சொல்லி மிரட்டுகிறோம். ஆகவே, முதலில் நான் போவது என்றும், பிறகு பிள்ளையை அழைத்துப் போவது என்றும் முடிவு செய்தோம்.

2012ஆம் ஆண்டில் அரசாங்க மருந்தகத்தில் ஒரு ரிங்கிட் கட்டி உட்கார்ந்தேன். என்ன உடம்புக்கு என்று கேட்டால் சொல்ல வாய் வராது என்று தெரிந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இளம் மருத்துவர் அதை முழுக்கப் படித்தார், சிரிக்கவில்லை. பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். யாரும் என்னைக் கட்டிலில் படுக்க வைக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. பார்த்துவிட்டு மதியம் வேலைக்குத் திரும்பினேன். இந்த ஒரு செய்தியை உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. மாத்திரை கொடுத்தார். தூக்க மாத்திரை இல்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படுகிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. முதலிரண்டு வாரம் குமட்டல் இருந்தது. பலன் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. நாமாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று எச்சரித்தார். மேடையேறும் நாளில் மட்டும் படபடப்பை அடக்க வேறொரு மாத்திரை உண்டு என்றும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்றும் சொன்னார். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கி விழுங்கும் பழக்கம் வேண்டாம்.

மாத்திரை பாதி. மீதி, பயிற்சி. ஒரு மனோவியலாளர் வாரம் ஒரு முறை என்னோடு உட்கார்ந்தார். உங்கள் அச்சத்தைவிட, அச்சத்தை மறைக்க நீங்கள் செய்யும் வேலைகள்தாம் உங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன என்றார். கருநிறச் சட்டை, ஒத்திகை, தூண், தரையைப் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். எதிரே இருப்பவரைப் பார்க்காமல் நம்மையே நாம் உள்ளுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே தெரிகிற நடுங்கும் உருவத்தைத்தான் ஊரும் பார்க்கிறது என்று நம்பிவிடுகிறோம். இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு மனோவியலாளர்கள் 1995ஆம் ஆண்டில் இதைத் தெளிவாக எழுதினார்களாம். நான் காவடிக் கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்சிக், அன்று உங்கள் கவனம் எங்கே இருந்தது?" என்று கேட்டார். மலைப்படியில் இருந்தது, வேலின்மேல் இருந்தது, என்மேல் இல்லை. முருகன் கைவிடவில்லை. வழியைக் காட்டினான், நான்தான் படித்துக்கொள்ளவில்லை.

பிறகு எனக்கொரு படிக்கட்டு போட்டுத் தந்தார். எளிதானது கீழே, கடினமானது மேலே. முதற்படி, சந்தையில் வேண்டுமென்றே சில்லறையைக் கீழே கொட்டிப் பொறுக்குவது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணி வரச் சொன்னார். ஒரே ஒரு பாட்டி பார்த்தார். அவரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். இரண்டாவது, நாசி கண்டார் கடையில் தே தாரிக் கேட்டுவிட்டு, அது வந்த பிறகு கோப்பியாக மாற்றித் தரச் சொல்வது. அன்று கடைவாசல்வரை போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாவது முறை கேட்டேன். கடைக்காரர் "சரிங்கண்ணே" என்று எடுத்துப் போனார். முப்பது ஆண்டுகளாக நான் அஞ்சிய பேரிடி அவ்வளவுதான்!

ஐந்தாவதோ ஆறாவதோ படி, அர்ச்சனை. 46ஆவது வயதில் முதன்முறையாக நானே தட்டை நீட்டினேன். குருக்கள் கேட்டதும் பதற்றத்தில் என் பெயரைச் சொல்லி மனைவியின் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே ஓதிவிட்டார். பின்னால் நின்ற மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து நானே சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்னதானத்துக்கு வந்ததும் பயிற்சியாகத்தான்; புண்ணியம் தேடி வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினேன். இது சேவையா, ஒளிந்துகொள்ளும் இடமா என்று மனோவியலாளர் கேட்டார். மறுவாரம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தேன். கை நடுங்கியதால் ஓர் ஐயாவின் வேட்டியில் ஊற்றிவிட்டேன். அவர் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க தம்பி, இலையில" என்றார். அந்த ஐயாவுக்கு அவர் செய்த தர்மம் தெரியாது. வரிசையாக வாளியோடு நடக்கும்போது யாருக்குச் சோறு தீர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள நேரமிருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் அது எனக்கு மருந்து.

மகளும் ஆறு மாதத்துக்குப் பிறகு வந்து பார்த்தாள். சிறுவயதிலேயே தொடங்கியதால் எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தது அவளுக்கு விரைவில் கைகூடியது.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஊரே வருந்தியது. நான் உள்ளூர மகிழ்ந்தேன். கூட்டமில்லை, முகத்துக்கு முகமூடி. திரும்ப ஆலயம் திறந்தபோது வாசலில் நிற்கவே கால் ஓடவில்லை. படிக்கட்டை முதற்படியிலிருந்து ஏற வேண்டியிருந்தது. சில்லறை கொட்டுவதிலிருந்து! இரண்டாம் முறை ஏறும்போது அதிக நாள் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது உபயதாரர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுக்கும் நிதி நேர்காணல் அறைக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்குப் போகிறது. வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே அலுவலகத்தில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் அக்கறையின்மை இருக்கலாம். எதிர்ச்சாலையில் ஒரு பிள்ளை நின்றுகொண்டும் இருக்கலாம். கடந்த ஆண்டு செயலவையிடம் இதைச் சொன்னேன். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசுவதென்றும், விரும்பும் பிள்ளை ஆசிரியரையோ தாயையோ உடன் அழைத்து வரலாமென்றும், பெயரைக் கூடத்தில் கூவி அழைக்காமல் அருகில் சென்று அழைப்பதென்றும் முடிவு செய்தார்கள். தொலைபேசியில் பேசும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு மிகவும் கடினமான வேலை அதுதான். ஏழு வீடுகளுக்குப் பேசினேன். நான்கு பேருக்கு வேறு உதவி கிடைத்துவிட்டது. ஒருவர் படிப்பையே விட்டுவிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். தாயோடு ஒருவர், தலைமையாசிரியரோடு ஒருவர். இருவரும் இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், திரும்பிப் பார்க்காதீர்கள்.

பெற்றோர்களே, பேசாத பிள்ளையை விருந்தாளி முன்னால் நிறுத்திப் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். "அது அப்படித்தான், பேசாது" என்று அதன் முன்னிலையில் நீங்களே அதற்காகப் பதில் சொல்லியும் பழக்காதீர்கள். இரண்டையும் என் வீட்டில் செய்தோம். யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்களுக்கு, சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்ற உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. நேரில் போக விரும்பினால், அடுத்த தெரு அரசாங்க மருந்தகத்துக்குத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். துணை வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்தில் சாம்பார் வாளியோடு நான் இருப்பேன்.

இன்று காலை நானும் மகளும் பெரியில்தான் வந்தோம். பழைய பெரிய கப்பல்கள் இப்போது இல்லை, சிறியவை ஓடுகின்றன. அலுவலகத்துக்கு எதிர்ச்சாலையில் அவளை ஒரு நிமிடம் நிற்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வண்டிகள் போகட்டும் என்று காத்திருந்து, சாலையைக் கடந்து உள்ளே வந்தோம்.